ஜெர்மனியில் மாணவர் இன்டர்ன்ஷிப்: முதல் ஈமெயிலிலிருந்து கடைசிச் சான்றிதழ் வரை

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது, கடைசி செமஸ்டரை ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப்பாகச் செய்தேன். ஸ்டுட்கார்ட் பக்கம், மெக்கானிக்கல் துறை. கிளம்புவதற்கு முன் சீனியர் ஒன்று சொன்னார், ஏஜென்ட் வேறொன்று சொன்னார், கல்லூரி அலுவலகம் மூன்றாவதாக ஒன்று சொன்னது. எது சரி என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கும் வளர்ச்சி அந்த ஊர் ஆலையில் கால் வைத்த பிறகு தொடங்குவதில்லை. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது, பணக் கணக்குப் போடுவது, முன்பின் தெரியாத ஒருவருக்கு மரியாதையாகவும் நேராகவும் கடிதம் எழுதுவது, இதெல்லாம் அதில் பாதி. எங்கள் வீட்டில் அதுவரை என் வங்கிப் படிவத்தைக்கூட அப்பாதான் நிரப்புவார். ஆகவே இந்த வேலைகளை ஏஜென்டிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். பணம் மிச்சமாவது அதில் சின்ன லாபம்தான்.

1. காலக்கணக்கு: எட்டு, ஒன்பது மாதம் முன்பே தொடங்குங்கள்

நம் கடைசி செமஸ்டர் டிசம்பர், ஜனவரி வாக்கில் தொடங்கும். ஜெர்மன் நிறுவனங்களோ பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இன்டர்ன்களை எடுக்கின்றன, அவர்களுடைய செமஸ்டர் அப்படி. இந்த இடைவெளியை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மார்ச்சில் சேர வேண்டும் என்றால் கணக்கு இப்படி வரும். முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையில் பாஸ்போர்ட்டும் சிவியும் தயாராக வேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபருக்குள் ஒப்பந்தம் கைக்கு வந்தால் நல்லது. நவம்பரில் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் (6ஆம் பகுதியில் விளக்குகிறேன்), டிசம்பரில் விசா, பிப்ரவரியில் விமானம். இதற்கு மேல் இறுக்கினால் ஏதாவது ஒரு காகிதம் தாமதமாகும், மொத்தமும் சரியும்.

பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தத்காலில் 3,500. போலீஸ் விசாரணைக்கு வரும்போது ஹாஸ்டலில் இருந்தால் அது இழுக்கும். வீட்டு முகவரியா, ஹாஸ்டல் முகவரியா என்று யோசித்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்த நாட்களில் அங்கேயே இருங்கள்.

2. பெயர்: நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள சிக்கல்

மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், அல்லது சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். நமக்கு இது சாதாரணம். ஜெர்மன் அலுவலகத்தில் இவர்கள் இரண்டு பேர்.

தீர்வு எளிது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான் இனி உங்கள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவி, ஒப்பந்தம், காப்பீடு, விமான டிக்கெட், எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. கல்லூரியிடம் போனஃபைட் (அங்கே படிக்கும் மாணவர் என்பதற்கான சான்று) வாங்கும்போது பாஸ்போர்ட் பெயர், பாஸ்போர்ட் எண், மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர் மூன்றையும் எழுதி, எல்லாம் ஒரே மாணவர்தான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பின்னால் பல கேள்விகளைத் தடுக்கும்.

சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், அங்கே வங்கியிலும் அலுவலகத்திலும் அந்தப் பெயர் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். முதல் நாளே தயாராக இருங்கள், இல்லாவிட்டால் வரிசையில் உங்கள் முறை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

3. எங்கே தேடுவது, எதை விடுவது

மூன்று வழிகள் உண்டு: உதவித்தொகைத் திட்டங்கள், ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும், அப்புறம் தொழில் நிறுவனங்கள்.

உதவித்தொகையில் இந்திய மாணவர்களுக்கென்றே இருப்பது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் வைஸ் திட்டம். கோடை விடுமுறையில் இரண்டு, மூன்று மாதம் ஜெர்மன் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். ஆனால் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குத்தான் அது. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடும். இதே அமைப்பு நடத்தும் ரைஸ் என்ற திட்டத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரைஸ் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. நம் கல்லூரிகளிலிருந்து அதற்கு விண்ணப்பிப்பது வீண் உழைப்பு. மாணவர்களை வெளிநாட்டுத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் ஐயஸ்டே அமைப்போடு உங்கள் கல்லூரி தொடர்பில் இருந்தால், அந்த வழியையும் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலில் இல்லாத கல்லூரி மாணவர்களுக்கு மற்ற இரண்டு வழிகள்தான். நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் பிராக்டிகும் (இன்டர்ன்ஷிப்புக்கு ஜெர்மன் சொல்) என்ற பிரிவைப் பாருங்கள். ஆய்வு என்றால் ஃபிரான்ஹோஃபர், மாக்ஸ் பிளாங்க் போன்ற நிறுவனங்களின் துறைப் பக்கங்களில் பேராசிரியர் பெயரும், அவர் குழுவில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதும் தெளிவாக இருக்கும். பேராசிரியருக்கு எழுதுவதைவிட, அந்தக் குழுவில் உங்கள் தலைப்பிலேயே பிஎச்டி செய்பவருக்கு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். உங்களை வைத்து வேலை வாங்கப்போவது அவர்தான்.

"ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் உத்தரவாதம்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் கன்சல்டன்சிகளிடம் போகாதீர்கள். எந்த நல்ல நிறுவனமும் இன்டர்னிடம் பணம் கேட்பதில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி முன்பணம் கட்டினாள். அவளுக்கு வந்தது படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஹோட்டல் வேலைக்கான கடிதம். அதை வைத்து மாணவர் இன்டர்ன்ஷிப் விசா கிடைக்காது.

4. சிவியும் ஈமெயிலும்

நம் ஊர் ரெஸ்யூமில் அப்பா பெயர், திருமண நிலை, கடைசியில் "மேற்கண்ட தகவல்கள் உண்மை என்று உறுதியளிக்கிறேன்" என்ற வாக்குமூலம் எல்லாம் இருக்கும். எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன கருவி, என்ன விளைவு என்று மூன்று வரி. குழுவாகச் செய்ததைக் குழு என்றே எழுதுங்கள், நேர்காணலில் உங்கள் பங்கைத்தான் தோண்டுவார்கள்.

ஈமெயில் இருநூறு சொல்லுக்குள் இருக்கட்டும். முதல் வரியிலேயே என்ன வேண்டும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று சொல்லுங்கள். அடுத்து அவர்களுடைய வேலையில் எந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்துகிறது, அதற்கு நீங்கள் ஏற்கெனவே செய்த ஒன்று. கடைசியில், இன்டர்ன்ஷிப் உங்கள் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி என்ற தகவல். இது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது பயனற்றது. படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். வாரத்துக்கு நாலைந்து நல்ல கடிதம் போதும்.

பதில் வராமல் போவது வழக்கம்தான். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். ஆகஸ்ட் மாதம் பாதி ஜெர்மனி விடுமுறையில் இருக்கும், அந்த மௌனத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேர்காணலுக்கு நேரம் குறிக்கும்போது கவனம் வேண்டும். நமக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் நேர்காணல் இருந்தால் இரண்டு முறை சரிபாருங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன் இணைப்பில் இருங்கள்.

நேர்காணலில் நீங்களும் கேட்க வேண்டும். தினமும் என்னோடு வேலை செய்யப்போவது யார்? முடிவில் நான் என்ன ஒப்படைக்க வேண்டும்? குழு எந்த மொழியில் பேசும்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தைவிட, நிறுவனம் தரும் மாத உதவித்தொகை குறைவாக இருந்தாலும் பதில் தெளிவாக வரும் இடம் மேல். பெரிய பெயருள்ள நிறுவனத்தில் ஆறு மாதம் எக்செல் தாள் நிரப்பிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. கல்லூரிக் காகிதங்கள்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

ஜெர்மனியில் கட்டாய இன்டர்ன்ஷிப், விருப்ப இன்டர்ன்ஷிப் என்று இரண்டு வகை. பாடத்திட்டம் கட்டாயமாகக் கேட்பதற்கு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. விருப்பத்துக்குச் செய்வது மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் கொடுக்க வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து அது மணிக்கு 13.90 யூரோ. அதனால் ஆறு மாதத்துக்கு எடுக்கும் நிறுவனத்தின் ஹெச்.ஆர். முதலில் கேட்பது, "இது கட்டாயம்தானே? கடிதம் இருக்கிறதா?" என்பதுதான்.

நம் கல்லூரி அலுவலகத்தில் வழக்கமாக அச்சடிக்கும் என்ஓசியில் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) "இம்மாணவர் இன்டர்ன்ஷிப் செய்ய அனுமதிக்கப்படுகிறார்" என்று இருக்கும். அது போதாது. "பாடத்திட்டத்தின்படி இந்த செமஸ்டரில் செய்தாக வேண்டியது, இத்தனை கிரெடிட், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று இருக்க வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் நிறுவனத்தில் செய்யலாம் என்று இருந்தால், சிலபஸின் அந்தப் பக்கத்தையும் முத்திரையோடு வாங்குங்கள். ஹெச்ஓடி, முதல்வர், பிளேஸ்மென்ட் அலுவலகம் என்று மூன்று மேசைகள் தாண்ட வேண்டியிருக்கும். கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும்.

இன்னொன்று. இன்டர்ன்ஷிப் முடியும் நாள்வரை நீங்கள் பதிவு பெற்ற மாணவராக இருக்க வேண்டும். நம் கல்லூரிகள் மே மாதம் வைவா முடித்து அனுப்பிவிடும். ஒப்பந்தமோ ஆகஸ்ட் வரை ஓடும். பட்டம் முடிந்தவர் என்று ஆகிவிட்டால் மாணவர் இன்டர்ன்ஷிப் என்ற அடிப்படையே போய்விடும். ஆகவே போனஃபைடில் எந்தத் தேதிவரை மாணவர் என்று எழுதி வாங்குங்கள். அதற்குக் கல்லூரி சம்மதிக்காவிட்டால், ஒப்பந்தத்தின் நீளத்தைக் குறைக்கக் கேளுங்கள்.

புராஜெக்ட் ரிவியூக்களை இணையவழியில் நடத்தலாம் என்பதையும், வருகைப்பதிவு எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் மா" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போனால், ஹெச்ஓடி மாறிய பிறகு ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டியிருக்கும். அரியர் இருந்தால் அந்தத் தேர்வு எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டுத் தேதி முடிவு செய்யுங்கள். கேம்பஸில் வேலை கிடைத்திருந்தால், சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று அந்த நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள்.

6. வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல்

இந்தப் படி இருப்பதே பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுக் கல்லூரி மாணவர் ஜெர்மனியில் படிப்பு சார்ந்த இன்டர்ன்ஷிப் செய்ய, அங்குள்ள மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் வேண்டும். அதைக் கொடுக்கும் பிரிவை இசட்.ஏ.வி. என்பார்கள். அதிகபட்சம் 12 மாதம். பொதுவாக நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும்.

விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம். பெரிய நிறுவனங்களுக்கு இது பழக்கம். சிறிய நிறுவனத்தின் ஹெச்.ஆர். இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். ஒப்பந்தம் வந்த அன்றே மரியாதையாக நினைவூட்டி, இசட்.ஏ.வி. பக்கத்தின் இணைப்பையும் உங்கள் போனஃபைட், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றையும் ஒரே ஈமெயிலில் அனுப்புங்கள். என்ன வேலை, எந்த வாரம் எதைக் கற்பது என்ற திட்டத்தையும் கேட்பார்கள். அந்தத் திட்டத்தை மேற்பார்வையாளரோடு பேசி நீங்களே வரைவு எழுதிக் கொடுங்கள். நான் அப்படிச் செய்ததால் போகும் முன்பே என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

7. விசா

மூன்று மாதத்துக்கு மேல் என்றால் தேசிய விசா, கட்டணம் 75 யூரோ. 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா, 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ரூபாயில் கட்டலாம், சேவைக் கட்டணம் தனி. தேசிய விசா விண்ணப்பத்தை இப்போது ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் இணையவாசலிலேயே நிரப்ப முடிகிறது. கைரேகைக்கும் அசல் ஆவணங்களுக்கும் நேரில் போகத்தான் வேண்டும், நமக்குச் சென்னை.

கையில் இருக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட், பயோமெட்ரிக் புகைப்படம் (35க்கு 45 மில்லிமீட்டர்)
- கையெழுத்தான ஒப்பந்தம், இசட்.ஏ.வி. ஒப்புதல்
- போனஃபைட், என்ஓசி, இதுவரையான மதிப்பெண் பட்டியல்கள்
- சிவி, ஏன் போகிறீர்கள் என்ற கடிதம்
- செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று
- போய் இறங்கும் நாளிலிருந்து தொடங்கும் மருத்துவக் காப்பீடு
- தங்குமிட விவரம்

இந்தப் பட்டியலை அப்படியே நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் துணைத் தூதரகப் பக்கத்தில் உள்ள செக்லிஸ்டோடு ஒப்பிடுங்கள். அதில் கேட்காத எதற்கும் பணம் கட்டாதீர்கள். உதாரணமாக, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து அது ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களின் விசாவுக்காக வந்தது. இன்டர்ன்ஷிப்புக்கும் கட்டாயம் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பணச் சான்று பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ என்று 2024 செப்டம்பரிலிருந்து வைத்திருக்கிறார்கள். இன்டர்ன்ஷிப்புக்கும் இதையே மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் உதவித்தொகை மாதம் 700 என்றால், மீதியை எங்கிருந்து காட்டுவீர்கள்? ப்ளாக்ட் அக்கவுண்ட் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) திறந்து பற்றாக்குறையை அதில் போடலாம். ஜெர்மனியில் வசிக்கும் உறவினர் இருந்தால், அவர் அங்குள்ள அலுவலகத்தில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடலாம். அது அவருக்குச் சட்டப்படியான கடமை, சும்மா உதவி என்று நினைத்துக் கேட்காதீர்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் இன்டர்ன்ஷிப் செய்யலாம், சம்பளம் வாங்காவிட்டால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டினால் பின்னால் படிக்கப் போவதற்கான கதவும் அடைபடும்.

விசா வந்ததும் ஸ்டிக்கரில் உள்ள தேதிகளைப் பாருங்கள். ஒப்பந்தத்தைவிட முன்பே முடிகிறது என்றால், போன முதல் வாரமே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்புக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

8. பணம்: வீட்டில் சொல்ல வேண்டிய உண்மையான தொகை

ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், சுலபம். உதவித்தொகை மாதக் கடைசியில்தான் வரும். ஆகவே முதல் மாதச் செலவும் அட்வான்ஸும் உங்கள் கையிலிருந்து. அட்வான்ஸை அங்கே கௌட்சியோன் என்பார்கள். அதிகபட்சம் மூன்று மாத வாடகை, அதுவும் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராத வெறும் வாடகையில். அறை வாடகை ஊருக்கு ஊர் மாறும். மியூனிக், ஸ்டுட்கார்ட் என்றால் கை கடிக்கும், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஜெர்மன் ஊர்களில் பாதிக்கும் குறைவாகக்கூடக் கிடைக்கும். இடம் தேர்வு செய்யும்போது உதவித்தொகையை மட்டும் பார்க்காமல், அதிலிருந்து அந்த ஊர் வாடகையைக் கழித்து ஒப்பிடுங்கள்.

விமானம், விசா, காப்பீடு, முதல் மாத வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து முதல் உதவித்தொகை வரும்வரை இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் ரூபாய் வரை தயாராக இருக்க வேண்டும். வீட்டில் இதை மறைக்காமல் தாளில் எழுதிக் காட்டுங்கள். எது திரும்ப வரும் (அட்வான்ஸ்), எது வராது என்று பிரித்துக் காட்டினால் பெற்றோருக்குப் பயம் பாதி குறையும். எங்கள் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது அந்தத் தாளை வைத்துத்தான்.

போக்குவரத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கினால் நாடு முழுவதும் ஊர்ப் பேருந்து, ட்ராம், மெட்ரோ, சாதாரண ரயில் எல்லாவற்றிலும் போகலாம். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அதிவேக ரயிலில் செல்லாது. இது மாதச் சந்தா, ஊர் திரும்பும் மாதம் 10ஆம் தேதிக்குள் நிறுத்தாவிட்டால் பணம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

9. அறை

இங்கிருந்தபடி அறை பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள், பழைய இன்டர்ன்களின் அறை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்து, செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்கள் சில மாதத்துக்குத் தங்கள் அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். வேகே-கெசூக்ட் போன்ற தளங்களில் அவற்றைப் பார்க்கலாம்.

"நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வீடியோ அழைப்பில் அறையைக் காட்டாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒன்றும் அமையாவிட்டால் முதல் இரண்டு வாரத்துக்கு யூத் ஹாஸ்டல் போட்டுக்கொண்டு நேரில் தேடுங்கள்.

அறை பேசும்போதே, "முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் சான்று தருவீர்களா?" என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் பதிவு நடக்காது. பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, வங்கிக் கணக்கும் இழுக்கும். பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இங்கிருந்தே போட்டுவையுங்கள்.

பதிவு செய்ததும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. அது ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் கொடுத்துப் பதில் எழுதுங்கள். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். ஜெர்மனியில் தபாலில் வரும் எதையும் அப்படி விடக்கூடாது.

10. மொழி

அலுவலகம் ஆங்கிலத்தில் இயங்கினாலும், மதியச் சாப்பாட்டு மேசை ஜெர்மனில்தான் இயங்கும். ஆரம்ப நிலையான ஏ1 அளவாவது முடித்துவிட்டுப் போங்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் வகுப்புகள் உண்டு, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறது. இலக்கணம் தப்பாக இருந்தாலும் பேசுங்கள். நகர அலுவலகத்தில் தட்டுத்தடுமாறி ஜெர்மனில் பேசி என் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வந்த தைரியம், வேறு எந்த மேடையிலும் எனக்கு வந்ததில்லை.

11. வேலையில் முதல் மாதம்

நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமே இந்தப் பகுதிதான்.

நாம் பழகியது, மேலே இருப்பவர் சொல்வதற்குத் தலையாட்டுவது. புரியாவிட்டாலும் "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து நண்பர்களிடம் கேட்போம். அங்கே அது நடக்காது. புரிந்தது என்று நீங்கள் சொன்னால், புரிந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் வேலை நடக்கவில்லை என்றால், அறியாமையைவிட மறைத்ததைத்தான் தவறாகப் பார்ப்பார்கள். ஆகவே முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்: "இது எனக்குத் தெரியாது, இந்த இரண்டு வழிகளை முயன்றேன், இங்கே நிற்கிறேன்." இப்படிச் சொல்பவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் உட்கார்ந்து விளக்குவார்கள்.

மேற்பார்வையாளர் உங்கள் வேலையை எல்லோர் முன்னாலும் நேராக விமர்சிப்பார். முகம் சிவந்துவிடும், அன்று இரவு தூக்கம் வராது. அவர் சொல்வது அந்த வரைபடத்தைப் பற்றி, உங்களைப் பற்றி இல்லை. கூட்டம் முடிந்ததும் அவரே காபி குடிக்கக் கூப்பிடுவார். அப்புறம் ஒருநாள், "உன் கருத்து என்ன?" என்று கேட்பார். நம் கல்லூரியில் நம்மை யாரும் அதிகம் கேட்காத கேள்வி. பதில் தயாராக இருக்க வேண்டும், அது அவருடைய கருத்துக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை. காரணத்தோடு மறுத்தால் அங்கே மதிப்பு கூடும்.

நடைமுறைக்குச் சில. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தனியாகப் பேச மேற்பார்வையாளரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரம் என்ன செய்தேன், எங்கே முட்டினேன், யாரிடம் என்ன கற்றேன் என்று அரைப் பக்கம் எழுதிவையுங்கள். கல்லூரி அறிக்கைக்கும் அதுவே உதவும். மாலையில் வேலை முடிந்ததும் கிளம்புங்கள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தால் உழைப்பாளி என்று பெயர் வராது, நேரத்துக்குள் முடிக்கத் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். நிறுவனத்துக் கோப்புகளையும் படங்களையும் அனுமதி இல்லாமல் உங்கள் லேப்டாப்பில் எடுக்காதீர்கள். கல்லூரி ரிவியூவில் எதைக் காட்டலாம் என்று முன்பே எழுத்தில் கேளுங்கள்.

12. தனிமை

குளிர்காலத்தில் போனால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் அறைக்குள்ளேயே இருக்கத் தோன்றும். அப்படி இருக்காதீர்கள். ஊர் விளையாட்டுச் சங்கம், பல்கலைக்கழக மாணவர் சந்திப்பு என்று வாரத்தில் ஒரு மாலையாவது வெளியே போங்கள். ஸ்டுட்கார்ட் பகுதியில் குடியிருப்பவர்கள் முறைவைத்து மாடிப்படியைப் பெருக்கும் கேர்வோஹெ என்ற வழக்கம் உண்டு. அந்த முறையைத் தவறாமல் செய்ததால்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னோடு பேசத் தொடங்கினார்.

பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலையிலிருந்து புளி வரை கிடைக்கும். ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில். தமிழ் கேட்கும் இடம் மனதுக்கு மருந்து. ஆனால் எல்லா வார இறுதியும் அங்கேயே போனால், ஜெர்மன் மேசையில் உட்காரும் பழக்கம் வராமலே போய்விடும்.

வீட்டுக்கு அழைப்பதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மேற்பார்வையாளரிடமோ ஹெச்.ஆரிடமோ சொல்லுங்கள். அதைக் குறையாகப் பார்க்க மாட்டார்கள்.

13. கிளம்பும் முன்

வேலைச் சான்றிதழ் வாங்காமல் கிளம்பாதீர்கள். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஜெர்மன் சான்றிதழ்கள் எல்லாம் பாராட்டுப் பத்திரம் போலவே இருக்கும், ஆனால் உள்ளே தர வரிசை ஒளிந்திருக்கும். "எங்களுக்குத் திருப்தியாகச் செய்தார்" என்றால் சுமார். "எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி" என்றால்தான் மிக நன்று. ஜெர்மன் நண்பர் ஒருவரிடம் காட்டிப் படித்துவிட்டு, திருத்தம் வேண்டுமானால் அங்கே இருக்கும்போதே கேளுங்கள். ஆங்கிலப் பிரதியும் கேட்டு வாங்குங்கள். வருகை நாட்கள், மொத்த மணி நேரம் ஆகியவற்றோடு கல்லூரிக்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும். கிரெடிட் ஏற்ற அதைத்தான் கேட்பார்கள்.

நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்குங்கள். காப்பீடு, சிம், டிக்கெட் சந்தா மூன்றையும் எழுத்தில் ரத்து செய்து, உறுதிக் கடிதத்தைச் சேமியுங்கள். அறையை ஒப்படைக்கும்போது வீட்டுக்காரரோடு சேர்ந்து நடந்து பார்த்து, மீட்டர் அளவுகளைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட தாளையும் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் உடனே வராது. ஹீட்டர் கணக்கு முடியும்வரை மாதக்கணக்கில் பிடித்து வைப்பது அங்கே சாதாரணம். அந்தப் பணம் வந்து சேரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.